மீன் படியில் வெள்ளைக் கோடு

பண்ணைக்காட்டிலிருந்து இறங்குகிற பாதையில் ஒரு வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்து வேலியோரமாகக் கால் மணி நேரம் நடந்தால் அந்த அணை வரும். அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். அங்கே தேங்குகிற தண்ணீர் ஒரு பெரிய குழாய்க்குள் புகுந்து, மலைச்சரிவில் இறங்கி, கீழே இருக்கும் மெஷின் வீட்டில் கரண்டாகிறது. அந்த இடத்தில் நான் பதினோரு வருடம் கூட்டிப் பெருக்கினேன். குழாய் வாயில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதில் வந்து அடைக்கிற இலை, குச்சி, வாழைச் சருகு எல்லாவற்றையும் வாரிப் போடுவதும் என் வேலைதான்.

அதற்கு முன்னால் காப்பிப் பழம் பறித்தேன், மிளகு உதிர்த்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாத்தியார் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரே குறித்துக்கொள்வார். வயதானால் கூச்சம் போய்விடும் என்று வீட்டில் சொன்னார்கள். போகவில்லை. அணை வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். அங்கே தண்ணீர்ச் சத்தம் அதிகம். யாரும் யாரிடமும் அதிகம் பேச முடியாது.

மீனுக்குப் படி கட்டப் போகிறார்கள் என்ற செய்தியைப் போர்மேன்தான் கொண்டுவந்தார். அவருக்கு என் மகள் வயது இருக்கும். பாலசமுத்திரத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் மேலே வருவார். நல்ல மனிதர். ஆபீசர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

“ஏத்தா, கேட்டீகளா? மீனுக்குப் படி கட்டப் போறாக.”

“என்னத்துக்குத் தம்பி?”

“மேல ஏறிப் போறதுக்கு.”

“மேல என்ன கெடக்கு?”

“அங்கனதான் அதுக முட்டை போடுமாம். நாம சுவரக் கட்டி வழிய மறிச்சுப்புட்டோமாம்.”

“நான் மறிக்கலப்பா.”

“நானும்தான் மறிக்கல. ஆனா நாளைக்கி படி கட்ட வர்ற அந்த மேடம் வந்து கேட்டா நம்ம ரெண்டு பேரையும்தான் கேக்கும்.”

அவர் சொன்னதில் எனக்குப் புதிது ஒன்றும் இல்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்து ஆறு செம்மண்ணாகக் கலங்கியதும் கீழே இருக்கிற மீன்கள் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். அணை வந்த பிறகு அவை சுவரில் முட்டிக்கொண்டு அடியில் கூட்டமாக நிற்கும். கீழ்ப்பக்கத்து ஆட்கள் துண்டை விரித்து அள்ளுவார்கள். நானும் முந்தானையில் அள்ளியிருக்கிறேன். குழம்பு வைத்தால் ருசியாக இருக்கும். அவை எங்கே போக வந்தன என்று அள்ளுகிற சமயத்தில் யாரும் யோசிப்பதில்லை.

மேடம் கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பதைத் தாண்டிய வயது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, படங்களைச் சுருட்டி ஒரு துண்டுப் பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கட்டுவதற்கு முன்னால் ஆற்றோரப் பாறையில் மூன்று நாள் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் போட்ட மாலையிலிருந்து சாமந்தி இதழ்களைப் பிய்த்துத் தண்ணீரில் போடுவார். இதழ் எங்கே வேகமாகப் போகிறது, எங்கே சுற்றுகிறது, எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அரிசி களைகிறபோது பாத்திரத்து மூலையில் தவிடு ஒதுங்கிச் சுற்றுமே, அதைப் போலப் பாறை மறைவில் இதழ்கள் சுற்றின. அந்த மாதிரி இடத்தில்தான் மீன் நின்று களைப்பாறும் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அணைச் சுவரின் ஓரமாகப் பன்னிரண்டு தொட்டிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டினார்கள். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் உயரம். நடுவில் இருக்கிற குறுக்குச் சுவரின் மேலே ஒரு வெட்டு, அடியில் ஒரு ஓட்டை. துள்ளுகிற மீன் வெட்டு வழியாகத் துள்ளிக்கொள்ளலாம். துள்ளாத மீன் ஓட்டை வழியாக நுழைந்துகொள்ளலாம். மேலே வாயில் ஒரு பலகை உண்டு. அதைத் தூக்கினால் அணைத் தண்ணீர் தொட்டி தொட்டியாக இறங்கி ஆற்றில் விழும்.

“பழனி மலைப் படி கணக்கா இருக்கு. நடுநடுவுல மண்டபம் வேற” என்றார் போர்மேன்.

“அதேதாங்க. ஏறுறவங்க உக்காந்து மூச்சு வாங்க வேண்டாமா?” என்றார் மேடம்.

“மொட்டை போடுற எடம் எங்கனங்க மேடம்?”

மேடம் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

படிக்கு விடுகிற தண்ணீரில் கரண்டு எடுக்க முடியாது. அதனால் அணைக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டில் மனது இல்லை. இரண்டு மழைக்காலம் பார்ப்பது, மீன் ஏறினால் படி இருக்கட்டும், ஏறாவிட்டால் வாயைச் சிமெண்டு போட்டு அடைத்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். மேடம் அதை என்னிடம் ஒரு நாள் கம்பித் தடுப்பருகே நின்று சொன்னார்.

“இங்க ஏறலைன்னு எழுதிட்டா, இந்த மலையில வேற எந்தச் சுவருக்கும் படி கட்ட விட மாட்டாங்க பாட்டிம்மா. இது ஒண்ணுதான் எனக்குக் கெடைச்சது.”

நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

மேடம் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வருவார். வந்ததும் மேல் தொட்டியில் ஒரு வலைப்பெட்டியை வைப்பார். படியேறி வருகிற மீன் அதற்குள் வந்து விழும், திரும்ப இறங்க முடியாது. இரண்டு நாள் மெஷின் வீட்டுப் பக்கத்து அறையில் தங்கி, காலையிலும் சாயங்காலமும் பெட்டியைத் தூக்கிப் பார்த்து எழுதிக்கொண்டு, போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் வெள்ளைக் கோடு போட்டாக வேண்டும். மந்திரி வந்தால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு ஓடும். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தாலும், திருவிழாவுக்குக் கூட்டம் வந்தாலும் அதே கோடுதான். கிருமி சாகும் என்பது ஒரு காரணம். மரியாதை என்பது இன்னொரு காரணம். எது முதல் காரணம் என்று எனக்குத் தெரியாது. ஜீப் வருகிறது என்று போர்மேனுக்குப் போன் வந்ததும் அவர் என்னைக் கூப்பிடுவார்.

“ஏத்தா, வெரசா. பவுடரப் போட்டுருங்க. கோடு இல்லேன்னா நாம மதிக்கலன்னு நெனைச்சுருவாக.”

முன்பெல்லாம் மெஷின் வீட்டு வாசல், ஆபீஸ் அறைக்குப் போகிற நடை, இவற்றோடு நிற்கும். மீன் படி வந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் அதைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்று அங்கேயும் போடச் சொன்னார். போதாததற்கு, படியைத் திறந்த முதல் மாதம் பார்க்க வந்த ஒரு அதிகாரி பாசியில் வழுக்கிக் கையை ஊன்றிக்கொண்டார். அதிலிருந்து பாசி இருக்கக் கூடாது என்று உத்தரவு. ஆகவே மேடம் வருவதற்கு முந்தின நாள் நான் மேல் பலகையை இறக்கிப் படிக்குத் தண்ணீர் வராமல் செய்வேன். தொட்டிகள் வடிந்ததும் பவுடரைத் தூவித் தென்னங்குச்சி விளக்குமாற்றால் தேய்ப்பேன். பாசி பச்சைத் தோலாக உரிந்து வரும். பிறகு இரண்டு பக்கச் சுவரின் மேலும், குறுக்குச் சுவர்களின் மேலும் கோடு போடுவேன். பலகையைத் தூக்கினால் வெள்ளைத் தொட்டிகளில் தண்ணீர் கண்ணாடியாக இறங்கும். எனக்கு அந்த வேலையில் ஒரு பெருமை இருந்தது. பன்னிரண்டு தொட்டியும் தேய்க்க ஒரு பகல் முழுவதும் ஆகும். மூட்டு வலிக்கும். இருந்தாலும் ஒரு மூலையைக்கூட விட்டது கிடையாது. விடிவதற்குள் வாடை போய்விடும், மேடம் அதைச் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரு நாளும் கேட்கவில்லை.

முதல் மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் ஒரு மீன் விழவில்லை.

நான் மீன்களைப் பார்க்காமல் இல்லை. மேடம் போய் ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பாசி மறுபடி படிந்த பிறகு, மூன்றாவது நான்காவது தொட்டிகளில் சின்ன மீன்கள் நிற்கும். கல்லொட்டி என்று நாங்கள் சொல்கிற மீன், வாயாலும் வயிற்றாலும் கல்லைப் பற்றிக்கொண்டு, ஈரச் சுவரின் ஓரமாகவே ஊர்ந்து ஏறும். ஒரு தரம் ஏழாவது தொட்டியில்கூடப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. அதுவும் தவிர, பெரியவர்கள் வருகிற சமயத்தில் அவை காணாமல் போவது எனக்கு இயல்பாகவே பட்டது. கூச்சம் உள்ள ஜீவன் ஆள் வந்தால் ஒதுங்கத்தான் செய்யும். அதில் நான் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? படித்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மேடம் படத்தை மாற்றினார். மூன்றாவது குறுக்குச் சுவரை உடைத்து ஓட்டையைப் பெரிதாக்கினார். இரண்டு மாதம் கழித்து அதையே மறுபடி உடைத்துச் சிறிதாக்கினார். தண்ணீர் விழும் சத்தம் மீனுக்குக் கேட்கவில்லையோ என்று அடித்தொட்டியின் வாயை ஆற்றின் நடுப்பக்கமாகத் திருப்பினார். கோடையில் அடித்தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்ப்பாதிப் படிகளை எடுத்துவிட்டு, கூழாங்கல் பதித்த சரிவாகக் கட்டினார். துள்ள முடியாத சின்ன மீன் கல்லுக்குக் கல் ஒதுங்கி ஒதுங்கி ஏறட்டும் என்பது அவர் யோசனை.

“இதுதான் ஆத்தா யானைப்பாதை. பழனியில படியேற முடியாதவுக இப்புடிச் சுத்திப் போவாகள்ல, அது” என்று போர்மேன் எனக்கு விளக்கினார்.

இரண்டாவது ஐப்பசி வந்தது. முதல் மழையும் வந்தது. மேடம் வந்து பெட்டியை வைத்தார். காலையில் தூக்கினார். ஒரு நண்டு இருந்தது. அது பக்கவாட்டில் ஏறி வந்தது.

“படியும் வேணாங்குது, யானைப்பாதையும் வேணாங்குது. அடுத்து மலைக்கு இழுக்குற விஞ்சுதான் மேடம் போடணும்” என்றார் போர்மேன்.

மேடம் சிரிக்கவில்லை. போர்மேன் தப்பாகப் பேசிவிட்டோம் என்று உணர்ந்து, டீ வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே அணைக்காரர்கள் நான்கு மூட்டை சிமெண்டைக் கொண்டுவந்து படியின் மேல் வாய்க்குப் பக்கத்தில் அடுக்கி, கிழிந்த தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். மேடம் பெட்டியைத் தூக்கப் போகும்போதெல்லாம் அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்த முறை வந்தபோது மேடம் வேறொன்று செய்தார். அணைக்குக் கீழே கைவலையால் ஒரு டஜன் மீன் பிடித்தார். வாலோரத்தில் சின்ன வெட்டு வைத்து அடையாளம் போட்டு, அடித்தொட்டியில் விட்டு, எதுவரை ஏறுகின்றன என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். பிடித்த மீன்களைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் டப் இருந்தது.

“பாட்டிம்மா, ஆத்துத் தண்ணி ஒரு வாளி கொண்டு வாங்களேன்.”

நான் கையில் இருந்த வாளியில் மொண்டு கொண்டுவந்து ஊற்றினேன். அவர் மீன்களை டப்பில் விட்டார். இரண்டு சுற்றுச் சுற்றின. பிறகு ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்புறம் சாய்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. முறுக்குச் சுட்டு எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அது நான் முந்தின நாள் பவுடர் கரைத்த வாளி. கழுவித்தான் கவிழ்த்திருந்தேன். அடியில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என் தப்புதான். வெயில்ல வச்சுட்டேன். கையில ரொம்ப நேரம் புடிச்சிருக்கவும் கூடாது” என்றார் மேடம். டப்பைக் கவிழ்த்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைப்பவர்கள் மாதிரி பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். “நீங்க போய்ச் சாப்பிடுங்க பாட்டிம்மா.”

நான் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். வாளிக்குள் ஒரு வளையத்துக்கே இப்படி என்றால், பன்னிரண்டு தொட்டிக்கு நான் எத்தனை கிலோ தூவியிருப்பேன் என்று எண்ணம் ஓடியது. ஓரம் ஓரமாக ஊர்ந்து ஏறுகிற மீனுக்கு நான் ஓரம் ஓரமாகவே கோடு போட்டிருக்கிறேன். அவர் வருகிற நாளுக்கு முந்தின நாள் போட்டிருக்கிறேன். அவர் வராத நாட்களில் அவை ஏறியிருக்கின்றன. எல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. சொல்வதுதான் நடக்கவில்லை.

சொல்லாமல் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் தங்கியிருந்த அறை வாசல்வரை போனேன். அவர் போனில் யாரிடமோ, “இன்னும் ஒரு விசிட்தான் சார், அதுக்குள்ள நிச்சயம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். மறுநாள் வெள்ளனே போனேன். அவர் கிளம்பிப் போயிருந்தார். போர்மேனிடம் சொன்னால் அவர் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. அதையும் நேராகச் சொல்ல வரவில்லை.

“தம்பி, அந்தப் படியில மட்டும் பவுடரு போடாம விட்டா என்ன?”

“ஏத்தா, மூட்டு வலிக்குதோ? சொல்லுங்க, வேற ஆளப் போட்டுருவோம்.”

“இல்ல, இல்ல. நானே போடுறேன்.”

“கடைசி விசிட்டுக்குப் பெரிய ஐயாவே வர்றாரு. அவரு பாத்துட்டுச் சொல்றதுதான் முடிவு. நல்லாப் பளிச்சுன்னு இருக்கணும், ஆமா.”

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. முந்தின நாள் நான் பலகையை இறக்கவில்லை, தொட்டியைத் தேய்க்கவும் இல்லை. போர்மேன் மெஷின் வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்ததால் இந்தப் பக்கம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் பவுடர் மூட்டையைச் சருகுக் குவியலுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். வீட்டில் கோலத்துக்கு இடித்து வைத்திருந்த பச்சரிசி மாவை, புது வாளி ஒன்றில் கொண்டுபோயிருந்தேன். வழக்கமாகப் பவுடர் போடுகிற இடத்திலெல்லாம் மாவைப் போட்டேன். கோடு நன்றாகவே விழுந்தது. பவுடரைவிட வெள்ளையாகத்தான் இருந்தது.

மாவை மீன் தின்னும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்று என் யோசனை, கோடு வெள்ளையாக இருக்க வேண்டும், மீன் சாகக் கூடாது என்பதோடு நின்றுவிட்டது.

அவர்கள் வருவதற்குள் தூறல் போட்டது. பெரிய ஐயா குடைக்குள் வந்தார். மேடம் தொப்பி மாட்டியிருந்தார். போர்மேன் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். நான் கம்பித் தடுப்பருகே போய் நின்றுகொண்டேன். கோட்டு மாவு தூறலில் கரைந்து, பால் மாதிரி தொட்டிகளுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அடித்தொட்டியிலும் சரிவிலும் தண்ணீரே தெரியாத அளவுக்கு மீன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன.

“என்னம்மா, மீனே இல்லைன்னு ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க. இங்க என்ன இவ்வளவு கெடக்கு?” என்றார் பெரிய ஐயா. குடையைப் போர்மேனிடம் கொடுத்துவிட்டு போனில் படம் எடுத்தார். “ஏறுதே. நல்லா ஏறுதே.”

அந்த இடத்தில் மேடம் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். படி நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. குனிந்து சுவரோரத்தில் விரலை வைத்து எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“சார், இது கணக்குல சேராது. யாரோ தீனி போட்டிருக்காங்க. இதுங்க ஏற வரல, திங்க வந்திருக்கு.”

போர்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் மேல் பழி விழுகிறது என்று நினைத்திருப்பார்.

“தீனியெல்லாம் யாரும் போடலீங்க மேடம். அது பிளீச்சிங் பவுடருங்க.”

“என்னது?”

“பிளீச்சிங் பவுடருங்க. நீங்க வர்றப்பல்லாம் போடுறதுதானுங்களே. ஒரு விசிட்டுக்குக்கூட விட்டது கெடையாதுங்க. தொட்டிய வடிச்சு, பவுடரப் போட்டுத் தேச்சு, கோடு போட்டு...” அவர் சொல்லிக்கொண்டே போனார். மேடத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

“நான் வர்றப்பல்லாமா?”

“ஆமாங்க. முந்தின நாளே.”

மேடம் தொட்டிகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். பெரிய ஐயாதான் பேசினார்.

“இருய்யா. பவுடர்னா இதுங்க இந்நேரம் செத்திருக்கணுமே. இது பவுடரா, இல்லையா?”

போர்மேன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிளீச்சிங் பவுடர் என்று அவரே நம்புகிற ஒன்றை அவர் நாக்கில் வைத்ததை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பெரிய ஐயா கேட்டால் அவர் எதையும் வைப்பார்.

“மாவுங்க ஐயா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏத்தா?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் குறித்துக்கொண்டதைப் போல இவர்களும் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று இருந்தது. நான் மேடத்தின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான்தான் மாவப் போட்டேன். பவுடருல மீனு சாகுது. அன்னைக்கி டப்புல செத்ததும் வெயிலுக்கு இல்ல. என் வாளியில பவுடரு இருந்துச்சு. நீங்க இல்லாதப்ப அதுக ஏறும். ஏழாவது தொட்டி மட்டும் ஏறி நான் பாத்திருக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“ஏழாவதா?” என்றார் மேடம்.

“ஆமாம்மா. ஓரமா ஒட்டிக்கிட்டு.”

பெரிய ஐயாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. “ரெண்டு வருசமா மீனப் பாக்க வந்து, மீன வெரட்டிட்டுப் பாத்திருக்கோம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு மேடத்திடம் சொன்னார். “அடுத்த மழை ஒண்ணு பாருங்க. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீங்க. அந்தச் சிமெண்டு மூட்டை அங்கயே இருக்கட்டும்.”

ஜீப் போன பிறகு மேடம் மேல் வாய்ப் பக்கத்தில் அந்த மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்தார். நோட்டை எடுத்து, எந்தெந்த நாள், எவ்வளவு பவுடர், எந்தத் தொட்டிவரை, பிறகு எத்தனை நாள் கழித்து மீனைப் பார்த்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் நினைவில் இருந்ததைச் சொன்னேன். ஒரே நாளில் ஒரே ஆளிடம் அவ்வளவு பேசியது என் வாழ்நாளில் அதுதான். அவர் பழைய பக்கங்களைத் திருப்பிக் குறுக்கே கோடு போட்டுக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அப்ப நான் முதல்ல கட்டுனதே சரியாத்தான் இருந்துச்சோ என்னவோ” என்றார். “உடைச்சு உடைச்சுக் கட்டுனதெல்லாம் தேவையே இல்லையோ.”

“தெரியலம்மா.”

“எனக்கும் தெரியல. இனிமே தெரியவும் தெரியாது. பழசுதான் இப்ப இல்லையே.” நோட்டை மூடினார். “நீங்க பாக்குறீங்கன்னு தெரிஞ்சும் நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

போகும்போது அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார். கோபமா, மறதியா என்று நான் கேட்டதில்லை.

அடுத்த மழைவரை படியில் எனக்கு வேலை இல்லை. கம்பித் தடுப்பை வாரிவிட்டு அந்தப் பக்கமாக நடக்கும்போது, தொட்டிகளில் பாசி தடித்து, கறுத்துப்போய், குறுக்குச் சுவரெல்லாம் வழவழவென்று இருந்தது. விளக்குமாறு கையில் இருக்கும். கை தானாகக் குனியும். அதை நிறுத்தப் பழக எனக்குச் சில மாதம் பிடித்தது. ஒரு வேலையைப் பழகுவதைவிட விடுவது கஷ்டம்.

ஐப்பசியில் மேடம் போன் செய்யாமல் வந்தார். ஜீப்பில் வராமல் பஸ்ஸில் வந்து, வளைவில் இறங்கி, காப்பித் தோட்டத்து வேலியோரம் நடந்து வந்தார். போர்மேன் அவசரமாகச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். முதல் நாள் பெட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மேடம் சாப்பிடவில்லை. போர்மேன் விஞ்சைப் பற்றிப் பேசவில்லை. அன்று பகலில் மேலே நல்ல மழை பெய்து, சாயங்காலத்துக்குள் ஆறு சிவந்து வந்தது.

மூன்றாம் நாள் காலையில் மேடம் பெட்டியைத் தூக்கினார். தூக்க முடியாமல் பாதியிலேயே நிறுத்தி, போர்மேனைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக் கரையில் வைத்தார்கள். உள்ளே கல்லொட்டி இருந்தது, அயிரை இருந்தது, எனக்குப் பெயர் தெரியாத வரி போட்ட மீன் ஒன்றும் இருந்தது. மேடம் எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாம் தரம் போர்மேனை எண்ணச் சொன்னார். பிறகு பெட்டியை அணைப் பக்கம் தண்ணீரில் சாய்த்துத் திறந்துவிட்டார். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் அவை எந்தப் பக்கம் போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

“பாட்டிம்மா, கிட்ட வந்து பாருங்க. தொட்டியில இன்னும் ஏறுது” என்றார் மேடம்.

“வேண்டாம்மா. நாலு பேரு சூழ்ந்து நின்னா அதுகளுக்குக் கூச்சமா இருக்கும்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்றார். போர்மேனையும் கையைப் பிடித்து இழுத்தார்.

மார்கழியில் பெரிய ஐயா வந்தார். அவர் வருவதற்குப் போன் வந்தது. போன் வந்தால் கோடு போட வேண்டும், போர்மேன் அதை விட மாட்டார். மெஷின் வீட்டு வாசலிலிருந்து நடை ஓரமாகவே கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஆற்றுக்கு இன்னும் நாலு வீட்டுத் தூரம் இருக்கும்போதே, நடை திரும்புகிற இடத்தில் போர்மேன் காலால் ஒரு குறி கிழித்துக் காட்டினார். அங்கே நிறுத்தினேன். பெரிய ஐயா நடந்து வந்து, கோடு முடிகிற இடத்தில் நின்றார்.

“ஏய்யா, பாதியிலயே விட்டுட்டீங்க?”

“அதுக்கு அங்கிட்டு அதுக எடமுங்க ஐயா” என்றார் போர்மேன்.

பெரிய ஐயா படியோரம் வந்து, பாசியில் வழுக்காமல் இருக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேடம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். படி இருக்கட்டும் என்று அதில் எழுதியிருந்ததாகப் போர்மேன் பிறகு சொன்னார். வேறு இரண்டு சுவர்களுக்கும் படம் போடச் சொல்லி மேடத்துக்கு உத்தரவு வந்தது.

வாயை அடைப்பதற்கென்று கொண்டுவந்து வைத்த சிமெண்டு மூட்டைகளை யாரும் எடுத்துப்போக வரவில்லை. தார்ப்பாய்க் கிழிசல் வழியாக இரண்டு மழை இறங்கி, மூட்டைக்குள்ளேயே இறுகி, நான்கும் கல்லாகிவிட்டன. சாக்கு மக்கி உதிர்ந்த பிறகு ஒன்று நல்ல சாய்வாக அமைந்தது. போர்மேனிடம் கேட்டேன். அவரே ஆள் வைத்துப் புரட்டி, அணைக்குக் கீழே என் துணி துவைக்கிற இடத்தில் போட்டுக்கொடுத்தார். வேலையை விட்டு நிற்கிறவரை அதில்தான் துவைத்தேன்.